எந்த வேலைக்கு எந்தக் கையுறை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் நிற்கும் காரின் பாட்டரி முனைகளில் வெண்பச்சைத் தூள் படிந்திருக்கிறது; அதைத் துடைக்க வேண்டும். என்ஜின் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். அது முடிந்ததும் குளியலறையைக் கழுவ வேண்டும். மொட்டைமாடியில் துருப்பிடித்த இரும்புக் கதவைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு உதவ நீங்களும் தயாராகிறீர்கள். கைக்குக் காப்பாக ஒரு ஜோடி கையுறை வாங்க மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ உள்ள ஒரு ஹார்டுவேர் கடைக்குச் செல்கிறீர்கள்.

"ஒரு ஜோடி கிளவுஸ் கொடுங்க" என்று கேட்டதும் கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "என்ன வேலைக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அவர் பின்னால் வெள்ளைப் பருத்தி நூல் கையுறை, ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை, நீல நிறத்தில் மெல்லிய நைட்ரில் கையுறை, முரட்டுத் தோல் கையுறை எனப் பலவும் தொங்கும். "எது நீண்ட நாள் உழைக்குமோ அதைக் கொடுங்கள்" என்று நீங்கள் சொன்னாலும் அவர் கேள்வி மாறாது. ஏனெனில் எல்லா வேலைக்கும் உழைக்கும் கையுறை என்று ஒன்று கிடையாது. ஒரு வேலையில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் கையுறை, மற்றொரு வேலையில் அரை மணி நேரத்தில் உப்பிக் கிழிந்துவிடும். ஏன்? அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

இயற்கை தந்த கையுறை

நாம் பிறக்கும்போதே ஒரு கையுறையுடன்தான் பிறக்கிறோம். அதுவே நம் தோல். தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களாலான ஒரு மெல்லிய படலம் உண்டு. உடலின் பெரும்பகுதியில் இதன் தடிமன் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான், உள்ளங்கையில் மட்டும் இதைவிடப் பல மடங்கு தடிப்பாக இருக்கும். செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரைப் போன்றது இப்படலம். இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றினிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. இச்சுவர் உள்ளிருக்கும் நீரை வெளியே விடாது. வெளியிலுள்ள கிருமிகளை எளிதில் உள்ளே விடாது.

சாந்து கரைந்தால் சுவர் என்னாகும்? மெக்கானிக் பட்டறைகளில் வேலை முடிந்ததும் சிலர் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கை கழுவுவதைக் கண்டிருப்பீர்கள். கறை உடனே போய்விடும். ஆனால் கறையுடன் தோலின் கொழுப்பும் கரைந்து போகிறது. நாள்தோறும் இவ்வாறு செய்பவரின் கை வெளிறி, வறண்டு, வெடிப்பு விடுகிறது. அந்த வெடிப்புகளின் வழியே பழைய என்ஜின் எண்ணெயும் அழுக்கும் கிருமியும் உள்ளே புகுகின்றன. என்ஜினில் ஓடிக் கறுத்த எண்ணெயில் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் எனும் பொருள்கள் சேர்ந்திருக்கும். இவ்வினப் பொருள்களில் சில புற்றுநோயை உண்டாக்க வல்லவை. எனவே அது நெடுநேரம், பல ஆண்டுகள், தோலில் பட்டுக்கொண்டிருப்பது நல்லதன்று. கறை படிந்த கையில் முதலில் சிறிது தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்து, பிறகு சோப்பிட்டுக் கழுவுவதே தோலுக்கு இதமான முறையாகும்.

சோப்பும் காரத்தன்மை உடையதே. தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. துணி சோப்புக் கரைசலின் அளவோ 9 அல்லது 10. நாள் முழுவதும் பாத்திரம் துலக்குவோர் விரலிடுக்கில் புண் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே பட்டறையில் மட்டுமல்லாமல் சமையலறையிலும் கையுறைக்கு வேலை இருக்கிறது.

செவிலியர் ஒருவரின் கைகள்

இன்று அறுவை மருத்துவர்கள் கையுறையின்றிக் கத்தியைத் தொடுவதில்லை. இப்பழக்கம் எப்படித் தோன்றியது தெரியுமா? அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் பணியாற்றினார். அக்காலத்தில் அறுவைக்கு முன் கைகளைப் பாதரச குளோரைடு கரைசலில் கழுவுவது வழக்கம். அவருடைய அறுவை அறையின் தலைமைச் செவிலியரான கரோலின் ஹாம்ப்டனின் கைகள் அக்கரைசலால் புண்ணாயின. அவர் வேலையையே விட்டுவிட வேண்டிய நிலை வந்தது. 1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி அவருக்கென மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். கையுறை நன்கு உழைத்தது. அதே 1890இல் அவ்விருவரும் திருமணம் செய்துகொண்டனர்!

நோயாளியைக் கிருமியிடமிருந்து காக்க அக்கையுறை செய்யப்படவில்லை. ஒரு தொழிலாளியின் கைகளை ரசாயனத்திடமிருந்து காக்கவே செய்யப்பட்டது. நோயாளிக்கும் அதனால் நன்மை உண்டென்பது பின்னரே தெளிவாயிற்று. ஹால்ஸ்டெட் தேர்ந்த பொருளும் சரியானதே. நீரில் கரைந்த உப்பைத் தடுக்க இயற்கை ரப்பர் மிக ஏற்றது. அவர் காலத்துச் செவிலியர் பெட்ரோலில் கை கழுவியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இனம் இனத்தோடு சேரும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் ரப்பர் மரங்கள் வளர்கின்றன. மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பாலே இயற்கை ரப்பருக்கு மூலம். ரப்பர் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறு. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறுவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலங்களாக அமைந்து அவற்றைப் பிணைப்பதே அவ்வுறுதிக்குக் காரணம்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் எண்ணெய், கிரீஸ் ஆகியவையும் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவையே. "இனம் இனத்தோடு சேரும்" என்பது நம் பழமொழி. ரசாயனத்திலும் ஒத்த பொருள் ஒத்த பொருளைக் கரைக்கும். பெட்ரோல் மூலக்கூறுகள் ரப்பர்ச் சங்கிலிகளின் இடுக்குகளில் எளிதாக நுழைகின்றன. கந்தகப் பாலங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் ரப்பர் முழுவதும் கரைந்துவிடாது, ஆனால் உப்பும். உப்பிய ரப்பர் கொழகொழத்து வலுவிழந்து, இழுத்தால் கிழியும். நீரோ இதற்கு நேர்மாறான இனம். நீர் மூலக்கூற்றில் ஒரு முனை சிறிது நேர்மின்னும் மறுமுனை சிறிது எதிர்மின்னும் கொண்டவை. அது ரப்பரோடு உறவாடாது. எனவேதான் ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை சோப்பு நீருக்கும் பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கும் நீர்த்த அமிலத்துக்கும் மாதக்கணக்கில் ஈடுகொடுக்கிறது, கிரீஸிடம் தோற்றுப்போகிறது.

இதற்கு மாற்றுத் தேடிய ஜெர்மானிய ரசாயனிகள் 1930களில் நைட்ரில் ரப்பரை உருவாக்கினர். இதன் சங்கிலியில் இடையிடையே கார்பன்-நைட்ரஜன் தொகுதிகள் தொங்குகின்றன. இத்தொகுதிகள் நீர் மூலக்கூற்றைப் போல மின்முனைகள் உடையவை. எனவே எண்ணெய்க்கு நைட்ரில் அந்நிய இனமாகிவிடுகிறது. எண்ணெய் அதனுள் எளிதில் நுழைவதில்லை. ஆனால் ஒரு வாசலை மூடினால் மறு வாசல் திறக்கிறது! அசிட்டோன் போன்ற கரைப்பான்களும் மின்முனைகள் உடையவையே. நகப்பூச்சை அழிக்கும் திரவத்திலும் பெயிண்ட் தின்னர்கள் பலவற்றிலும் இவை உண்டு. இவற்றுக்கு முன் நைட்ரில் கையுறை நில்லாது. அதற்குப் பியூட்டைல் ரப்பர் போன்ற வேறு பொருள் தேவை.

காரைச் செய்பவர்களும் இதே விதியைப் பின்பற்றுகிறார்கள். என்ஜினின் எண்ணெய் சீல்களும் பெட்ரோல் குழாய்களும் பெரும்பாலும் நைட்ரில் வகை ரப்பராலானவை. பிரேக் திரவமோ கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. பெட்ரோலிய எண்ணெயின் இனமன்று. ஆகையால் பிரேக்கின் உள்ளே வேறு வகை ரப்பர் வளையங்கள் இருக்கும். பிரேக் திரவத் தொட்டியில் தவறிப்போய் என்ஜின் எண்ணெயை ஊற்றினால் அவ்வளையங்கள் உப்பி, பிரேக்கே கெட்டுவிடும்.

சென்னை கண்ட இரு துப்புரவுகள்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் பெய்த பெருமழையில் அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபின் சேறு நின்றது. அச்சேற்றில் சாக்கடை நீரும் கலந்திருந்தது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இத்தகைய நீரிலிருந்து தோல் வெடிப்பின் வழியாகவும் உடலுள் புகும். அவ்வேலைக்கு ஏற்ற கையுறை எது? முன்கைவரை நீளும் சாதாரண ரப்பர் கையுறையே போதுமானது. ஏனெனில் அங்கே எதிரி நீர். உடைந்த கண்ணாடியும் தகரமும் கிடக்குமிடத்தில் அதன்மேல் ஒரு முரட்டுக் கையுறையும் அணிய வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பலிலிருந்து கசிந்த கனத்த எண்ணெய் கடற்கரையை ஒட்டித் தெற்கு நோக்கிப் பரவிற்று. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளைக் கொண்டு அக்கரிய குழம்பை அள்ளி அகற்றினர். இங்கே எதிரி எண்ணெய். முன்பு சேற்றுக்கு ஏற்றதாயிருந்த ரப்பர் கையுறை இதில் உப்பிப் பலவீனமாகும். தடித்த நைட்ரில் கையுறையே தேவை. பருத்திக் கையுறையோ எண்ணெயை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். வெறுங்கையாக இருந்தாலாவது உடனே துடைத்துவிடலாம்! ஒரே நகரம், இரு துப்புரவுகள், இரு வேறு கையுறைகள்.

ஓட்டை இல்லாமலே கசிவு

கையுறை கிழியவில்லை, ஓட்டையும் இல்லை. ஆகவே கை பத்திரமாக இருக்கிறது என்று எண்ணலாமா? இக்கேள்விக்கு விஞ்ஞானம் பெரும் விலை கொடுத்துப் பதில் கற்றது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்தவர் கேரன் வெட்டர்ஹான். நச்சு உலோகங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் வல்லவர். 1996 ஆகஸ்டில் ஆய்வுக்கூடத்தில் டைமெத்தில் பாதரசம் என்ற திரவத்தைக் கையாளும்போது சில துளிகள் அவருடைய ரப்பர் கையுறைமேல் சிந்தின. விதிகளின்படி அவர் கையுறை அணிந்தே இருந்தார். மாதங்கள் கழித்து நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் அவர் காலமானார். பின்னர் சோதித்தபோது, அத்திரவம் அவ்வகை மெல்லிய கையுறையை 15 விநாடிக்குள் ஊடுருவிவிடுவது தெரிந்தது.

இதனை ஊடுருவல் என்பர். ஓட்டை வழியாகத் திரவம் ஒழுகுவது வேறு. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கையுறைப் பொருளில் கரைந்து, சங்கிலிகளின் இடுக்கில் நகர்ந்து, மறுபக்கம் வெளிப்படுவது வேறு. இது கண்ணுக்குத் தெரியாது. இவ்வாறு மறுபக்கம் வெளிவர ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. அதாவது தடிமன் 2 மடங்கானால் நேரம் 4 மடங்காகும். 0.1 மில்லிமீட்டர் கையுறையை ஒரு திரவம் 2 நிமிடத்தில் ஊடுருவுகிறது என்று கொள்வோம். அதே பொருளாலான 0.4 மில்லிமீட்டர் கையுறையை ஊடுருவ 4 × 4 = 16 மடங்கு நேரம், அதாவது 32 நிமிடம் ஆகும். மெல்லிய நீலக் கையுறையை எண்ணெய் தெறிக்கும் சிறு வேலைக்கு மட்டும் அணிந்து உடனே கழற்றி எறிவதும், பெட்ரோலில் பாகங்களைக் கழுவத் தடித்த கையுறையைத் தேடுவதும் இதனால்தான்.

அடையாறு சொல்லும் தோல் பாடம்

இனி முரட்டுத் தோல் கையுறைக்கு வருவோம். அடையாறு சர்தார் பட்டேல் சாலையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948இல் தோன்றிய இந்நிலையத்தின் அரங்கம் ஒன்றுக்கு 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்று பெயர். அதாவது முப்புரிச் சுருள். இப்பெயர் ஏன்?

தோலின் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்ற புரதம். அதன் அமைப்பு நெடுநாள் புதிராக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஜி.என். இராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிப் புரி முறுக்கிய கயிறு போன்றதே கொலாஜன் என்று 1954இல் அறிவித்தனர். கயிறு திரிப்பவர் மூன்று புரிகளை முறுக்கும்போது வலிமை கூடுவதை நாம் அறிவோம். இயற்கை அதை நம் தோலிலேயே செய்து வைத்திருக்கிறது.

பச்சைத் தோல் அப்படியே இருந்தால் அழுகும். ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் சுருங்கிவிடும். அதைப் பதனிட வேண்டும். பதனிடும் பொருள் கொலாஜன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கிறது. நம் நாட்டில் முற்காலத்தில் ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிட்டனர். குரோமிய உப்பால் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். சென்னையின் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். வெல்டிங் செய்வோர் அணியும் கையுறை குரோம் தோலால் ஆனது. தீப்பொறி பட்டால் அது நூல் துணியைப்போல் பற்றி எரிவதில்லை. நைலானைப்போல் உருகிக் கையில் ஒட்டுவதும் இல்லை. துருப்பிடித்த கதவைத் தேய்க்கவும், செங்கல், தகரம், முள்கம்பி எடுக்கவும் தோல் கையுறையே நீடித்து உழைக்கும். ஆனால் அது திரவத்தை உறிஞ்சும். பாட்டரி அமிலத்துக்கோ எண்ணெய்க்கோ அதை அணிந்தால் கையுறையும் கெடும், கையும் கெடும்.

சூடான பாத்திரத்தை ஈரப் பிடிதுணியால் இறக்கிச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. துணியின் இழைகளுக்கு இடையே அடைபட்ட காற்றே சூட்டைத் தடுக்கிறது. துணி நனைந்தால் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மேலும் சூட்டில் நீராவியாகிக் கையைத் தாக்கும். கையுறைக்கும் இது பொருந்தும். சூடான வேலைக்கு எப்போதும் உலர்ந்த கையுறையே வேண்டும்.

கையுறை காக்காத இடங்கள்

கையுறை அணியவே கூடாத வேலைகளும் உண்டு. சுழலும் பாகத்தின் அருகே கையுறை அணியாதீர்கள். ஓடும் என்ஜினின் விசிறி, பெல்ட், மோட்டார் சைக்கிள் சங்கிலி, துளைக்கும் இயந்திரம் ஆகியவை விரலைத் தொட்டால் காயமாகும். கையுறையின் நுனியைப் பற்றினால் கையையே உள்ளே இழுத்துவிடும். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே கையை நீட்ட வேண்டும்.

சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியைக் கையுறை அணிந்துகொண்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணமே அது கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். வண்டி நன்றாக ஆறும்வரை காத்திருப்பதே காப்பு.

சமையலறை ரப்பர் கையுறை மின்சாரத்திலிருந்து காக்கும் என்று நம்புவது பேராபத்து. மின் ஊழியர்களின் கையுறை தனி வகை, ஐ.எஸ். 4770 என்ற இந்தியத் தர விதிப்படி மின்னழுத்தம் செலுத்திச் சோதிக்கப்படுவது. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளைக் காணலாம். அவை உயர் மின்னழுத்தக் கம்பிகள். பயிற்சி பெற்றவரன்றி எவரும் தொடலாகாது.

கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எந்தக் கையுறை அணிந்திருந்தாலும், அவை சேரும்போது எழும் குளோரின் வாயு நேரே நுரையீரலைத் தாக்கும்.

கடையில் எதைப் பார்ப்பது?

நல்ல கையுறையின் மேல் சில குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். சுத்தியல் படமும் 'ஈ.என். 388' என்ற எண்ணும் இருந்தால், அதன் கீழுள்ள முதல் நான்கு இலக்கங்கள் முறையே உராய்வு, வெட்டு, கிழிதல், குத்தல் ஆகியவற்றைத் தாங்கும் திறனைக் குறிக்கும். வெட்டுக்கு 5 வரையும் மற்றவற்றுக்கு 4 வரையும் மதிப்பெண் உண்டு. வெட்டைத் தாங்கும் பின்னல் கையுறை ஊசிக் குத்தலைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அதற்குத் தனி மதிப்பெண் இருப்பதைக் கவனியுங்கள். கூம்புக் குடுவையின் படமும் 374 என்ற எண்ணும் இருந்தால் அது ரசாயனக் காப்புக்குச் சோதிக்கப்பட்டது. அதில் 'ஏ' வகை என்றால் ஆறு சோதனை ரசாயனங்களை, 'பி' வகை என்றால் மூன்றை, குறைந்தது 30 நிமிடம் தடுக்கும். 'சி' வகை ஒன்றை 10 நிமிடம் தடுக்கும்.

நம் ஞாயிற்றுக்கிழமை வேலைகளுக்குப் பட்டியல் இதோ:

பாட்டரி முனையைத் துடைக்க: ரப்பர் அல்லது தடித்த நைட்ரில். உள்ளே இருப்பது கந்தக அமிலம், கண்ணாடியும் அணிக. மோதிரம், உலோகக் கடிகாரப் பட்டை இருந்தால் முதலில் கழற்றுக.

என்ஜின் எண்ணெய், கிரீஸ்: நைட்ரில்.

டயர் மாற்ற, திருகுகளைக் கழற்ற: உள்ளங்கையில் நைட்ரில் பூசிய பின்னல் கையுறை. புறங்கைப் பக்கம் திரவம் புகும் என்பதை மறவாதீர்கள்.

குளியலறை, பாத்திரம், துணி: நீண்ட ரப்பர் கையுறை. ரப்பர்ப் பாலிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும், அவர்களுக்கு நைட்ரில்.

துருவைத் தேய்க்க, கல், தகரம் எடுக்க: தோல்.

பெயிண்ட்: நைட்ரில். தின்னர் பட்டுவிட்டால் உடனே மாற்றுக.

ஒட்டடை, தூசி: பருத்தி.

அளவும் முக்கியம். கட்டை விரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளந்து பாருங்கள். 8 அங்குலம் இருந்தால் உங்கள் கையுறை எண் 8. பெரிதானால் பிடி நழுவும்; சிறிதானால் விரல் மடக்கில் விரைவில் கிழியும்.

நீண்ட நாள் உழைக்க

கையுறையைக் கழற்றுமுன் அதன் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். பிறகு கழற்றி நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடிக் கொடியில் வெயிலில் தொங்கவிட்டால் ரப்பர் விரைவில் வெடிக்கும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பர்ச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குவதே காரணம். ரசாயனத்தில் பட்ட கையுறையை 'நாளைக்கும் ஆகும்' என்று எடுத்து வைக்காதீர்கள். உள்ளே நுழைந்த மூலக்கூறுகள் இரவெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும். சென்னையின் புழுக்கத்தில் கையுறைக்குள் வியர்வை தேங்கித் தோல் ஊறிவிடும்; ஊறிய தோலும் பலவீனமான தோலே. எனவே அரை மணிக்கு ஒரு முறை கழற்றிக் கையை உலர விடுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிவதும் நல்லது.

செய்து பாருங்கள்

1. ரப்பர் பலூன் ஒன்றை நன்றாக ஊதிக் கட்டுங்கள். முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சுத் தோலை மடக்கி அதன் சாறு பலூன்மேல் தெறிக்கும்படி பிழியுங்கள். பலூன் வெடிக்கிறதா? ஆரஞ்சுத் தோலிலுள்ள லிமோனீன் என்ற எண்ணெயும் கார்பன், ஹைட்ரஜன் இனமே. சமையலுக்குப் பயன்படும் எண்ணெயைத் தடவியும் ஒப்பிடுங்கள்.

2. பலூனுக்குள் சில துளி வனிலா எசென்ஸை விட்டு, ஊதிக் கட்டி, சுத்தமான மூடிய டப்பாவில் வையுங்கள். சில மணி நேரம் கழித்துத் திறந்து முகருங்கள். ஓட்டையில்லாப் பலூனிலிருந்து மணம் எப்படி வெளிவந்தது?

3. வீட்டு ரப்பர் கையுறையில் காற்றை அடைத்து, வாயைச் சுருட்டிப் பிடித்து, நீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை உண்டு. குமிழி வராவிட்டால் அது எல்லாத் திரவங்களையும் தடுக்கும் என்று சொல்ல முடியுமா?

வெறுங்கையோடு வேலை செய்பவர் கவனமாக இருப்பார். பொருந்தாத கையுறை அணிந்தவரோ கவனத்தையும் விட்டுவிடுவார். அதுவே பெரிய ஆபத்து. அடுத்த முறை கடைக்காரர் "என்ன வேலைக்கு?" என்று கேட்டால் அதற்கு முழுப் பதில் சொல்லுங்கள். எதைத் தொடப் போகிறேன், எவ்வளவு நேரம் தொடப் போகிறேன், அது நீரின் இனமா எண்ணெயின் இனமா, கூர்மையானதா சூடானதா? இவற்றைச் சொல்லத் தெரிந்தால் தகுந்த கையுறையைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்துவிட்டது. பக்கத்து மெக்கானிக் பட்டறையிலோ உங்கள் வீட்டிலோ பெட்ரோலில் கை கழுவுபவர் யாரேனும் இருந்தால், தேங்காய் எண்ணெய் யோசனையையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.